கடைசி வீட்டுக்கு வந்த லாரி

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வந்து, அரிகிருஷ்ணன் வீட்டு வாசலில் இறங்கியது. அவ்வளவுதான், தெருவே கூடிவிட்டது.

மேற்குத் தாம்பரத்தின் அந்தத் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் டெலிபோன் கிடையாது. ஆனாலும் சேதி எப்படியோ பம்மல் வரை போய்விட்டது. சாயங்காலமே அவருடைய தங்கை கிளியம்மாள் பெரிய மாலையோடு ஓடி வந்தாள். "அண்ணா, என்னை வுட்டுட்டுப் போய்ட்டியே" என்று அழுதுகொண்டே உள்ளே நுழைந்தவள், அண்ணன் உட்கார்ந்து உப்புமா சாப்பிடுவதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"இன்னா கிளி, மாலை யாருக்கு?"

"சாமிக்கு" என்றாள் கிளியம்மாள், சட்டென்று.

அரிகிருஷ்ணனின் மகள் தையல்நாயகிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு வயது பத்து. ஆனால் அப்பா சிரிக்கவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கால் பெருவிரலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. காலைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக் கட்டி, தினமும் அதில் ஆக்சிஜன் நிரப்பிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியும் ஆறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான்.

மாடியில் குடியிருந்த ஸ்ரீரங்கன் சார் கல்லூரியில் கணக்கு வாத்தியார். புண்ணுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு தூரம் போகும் என்று அந்த டாக்டருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். சிலிண்டர் வந்ததைக் கேட்டு அவரும் இறங்கி வந்திருந்தார்.

"சிலிண்டர திருப்பி அனுப்புங்க சார்" என்றார் அப்பா. "ஆக்சிஜன் வச்சா ஆளு குளோஸ். மாலையே வந்துடுச்சு பாருங்க."

சார் தன் கணக்குத் தாள்களை விரித்தார். "இந்தக் கோடுதான் ரத்தத்துல வர்ற ஆக்சிஜன். போகப் போகக் குறையுது. புண்ணுக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல."

"கோடு நல்லாத்தான் கீது சார். எனக்குத்தான் ஒண்ணும் புரியல."

தையல் எட்டிப் பார்த்தாள். உயரத்தில் தொடங்கிய கோடு இறங்கி இறங்கிக் கடைசியில் தரையைத் தொட்டது.

"ஏன் சார் குறையுது?"

"வழியில இருக்கிற சதையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கும்மா."

தையலுக்கு உடனே வீட்டுத் தண்ணீர்க்குழாய் நினைவுக்கு வந்தது.

"அப்பா, நம்ம வூட்டுக் குழாய்ல ஏன் தண்ணி வரல?"

"முன்னாடி வூட்டுக்காரங்க எல்லாம் புடிச்சுக்கிறாங்க. கடைசி வூட்டுக்கு இன்னா மிஞ்சும்?"

"அதுக்கு நீ இன்னா பண்ணே?"

"லாரிய வரவழைச்சு நேரா தொட்டியில ஊத்தச் சொன்னேன்."

"லாரியப் பாத்துட்டு யாராவது மாலை எடுத்துக்கினு வந்தாங்களா?"

அத்தை மாலையை மெல்ல முந்தானைக்குள் மறைத்தாள்.

"உன் புண்ணுதாம்பா கடைசி வூடு. சிலிண்டருதான் லாரி" என்றாள் தையல். அப்பாவின் காலருகே போய் உட்கார்ந்தாள். "விரலை எடுத்துடுவாங்கன்னு பயமா கீதுப்பா."

"நான் பக்கம் பக்கமா எழுதினதும் இதேதான்" என்றார் சார் சந்தோஷமாக.

அப்பா தன் காலைப் பார்த்தார். பிறகு, "பையைக் கொண்டா" என்று காலை நீட்டினார்.

தினமும் பையைக் கட்டியதும் அப்பாவும் மகளும் தாயம் ஆடினார்கள். அப்பா கூசாமல் அழுகுணி ஆட்டம் ஆடினார். ஞாயிறுதோறும் சார் இறங்கி வந்து, புண்ணின் ஓரத்தைக் கண்ணாடிக் காகிதத்தில் வரைந்து தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"கணக்கைவிடக் கொஞ்சம் மெதுவாத்தான் ஆறுது" என்றார் சார்.

"என் கால் சார் அது. அவசரப்படுத்தாதீங்க."

புண் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. பொங்கல் கழிந்ததும் அதே மீன்பாடி வண்டி சிலிண்டரை எடுத்துப் போக வந்தது. தெரு மறுபடியும் கூடியது.

"சிலிண்டர் போவுதே, அப்போ ஆளு?" என்று எதிர்வீட்டுச் செல்லியம்மாள் கவலையோடு கேட்டாள்.

ஆள் இரண்டு காலிலும் புதுச் செருப்போடு பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கழுத்தில் கிளியம்மாள் வாங்கி வந்த புது மாலை.