காமினியின் கல்யாணக் கண்கள்

கம்ப்யூட்டர் திரையில் வட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருந்த வெள்ளைப் புள்ளிகள் நின்றன. சோபாவில் மத்தியானத் தூக்கத்தில் இருந்த மனைவி காமினியின் மூச்சும் அதே கணத்தில் நின்று, பிறகு மெல்லத் தொடர்ந்தது. கோகிலன் திரும்பிப் பார்த்தான். மழைக்கு முந்திய புழுக்கம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பதினான்கு வயதாகிவிட்ட அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லி ஜெலுத்தோங் அடுக்குமாடியில் சொல்லாத ஆள் இல்லை. அவன் கேட்டால்தானே? செத்துப்போனவர்களுக்குப் படம் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. அடையாள அட்டையிலிருந்தோ, கல்யாணக் கூட்டத்திலிருந்தோ தலையை மட்டும் வெட்டியெடுத்து, பட்டுப்புடவை கட்டிவிட்டு, மாலையும் போட்டுச் சட்டத்துக்குள் உட்கார வைத்துவிடுவான். கண் மூடிய படம்தான் கிடைத்தது என்றால் கண்ணையும் திறந்துவிடுவான். எப்படித் திறக்கிறான் என்பதுதான் அந்த எட்டு மாடியில் ஒருவரும் விசாரிக்காமல் விட்ட ஒரே விஷயம்.

காமினியின் கண்களைத்தான் ஒட்டினான். கல்யாணப் படத்தில் அவளுக்குக் கண்கள் அத்தனை அழகாக விழுந்திருந்தன. வெட்டி எடுத்துத் தனியாகச் சேமித்து வைத்து, சுற்றிலும் நாலு சுருக்கம் சேர்த்து, செத்த பெண்களுக்கெல்லாம் அதையே வைத்தான். நாற்பத்தோரு வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் காமினியின் கண்களுக்குத்தான் விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். எதிர்வீட்டு லெட்சுமி அக்கா, மாமியார் வடிவம்மாளின் படத்தை வாங்கிக்கொண்டு, "உயிரோட இருந்தப்ப கிழவி என்னை இவ்ளோ அன்பா பார்த்ததே இல்ல லா" என்று மூக்கைச் சிந்தினாள். காமினிக்கு இது எதுவும் தெரியாது.

இன்று காலை, பெட்டி ஆமையாய் ஊர்கிறது என்று அதை மொத்தமாக அழித்து, ஃபார்மட் செய்தான். அழித்து முடித்த பிறகுதான் அந்தக் கண்கள் உள்ளே இருந்தது நினைவுக்கு வந்தது. கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்று ஆறு வருடம் ஆகிறது. போகட்டும், ஊரில் வேறு கண்ணா இல்லை என்று விட்டுவிட்டான். அப்போதிலிருந்து பெட்டி முழுதாக எழும்பாமல், புள்ளிகள் சுற்றும் இடத்திலேயே நின்றுபோனது.

"ஏங்க," சாயங்காலம் எழுந்து, தடவித் தடவிக் குளியலறைக்குப் போய் வந்து மறுபடி சோபாவில் உட்கார்ந்த காமினி கூப்பிட்டாள். "கண்ணு தொறக்க மாட்டேங்குது."

"போய்க் கழுவு லா."

"ரெண்டு வாட்டி கழுவிட்டேன்."

குனிந்து, விரலால் இமையைப் பிரிக்கப் பார்த்தான். பிரிக்க இடமே இல்லை. மேலிமைக்கும் கீழிமைக்கும் நடுவே கோடு இல்லை. இறுக்கி ஒட்டிய தாள் போல வழவழப்பாக, இளஞ்சூடாக இருந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது, காத்திருக்க வேண்டும் என்றார்கள். கையைப் பிசைந்துகொண்டு நின்றவன், என்ன நினைத்தானோ, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான். புள்ளிகள் சுற்றின. காமினியின் இமைத்தோலுக்கு அடியில் ஏதோ வெளியே வரத் துடிப்பதைப் போல அசைந்தது. புள்ளிகள் நின்றன. அசைவும் நின்றது. இன்னொரு முறை போட்டான். அதேபோலத்தான்.

அதற்குப் பிறகு அவன் அழைத்தது டாக்டரை அல்ல. பத்து காவான் என்ற ஊரில், தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் குகனை.

"அண்ணே, இன்னும் அந்தப் பெட்டியவா வச்சிருக்கீங்க? மியூசியத்துல தேடுறாங்க லா."

"குகா, எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இது தொறக்கணும். இப்பவே."

"ஏன் அழுவுறீங்க? உள்ள இருக்கிற ரேம் அட்டைய கழட்டி, அழிக்கிற ரப்பர்ல தேச்சுப் போடுங்க. அப்பவும் நின்னா, உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும், அதையும் கழட்டி மாட்டுங்க. முதல்ல முழுசா எந்திரிக்கட்டும். அழிஞ்சத அப்புறம் தோண்டிக்கலாம்."

மழை கொட்டத் தொடங்கியது. வீடு இருண்டது. ரேமைக் கழற்றி, செம்பு நிறப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தான். வெந்த தூசியின் வாடை மூக்கில் ஏற, நடைபாதை வழியே பக்கத்து வீடுகளின் சாம்பிராணி வந்து அதோடு கலந்தது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்.

"புகையா இருக்கு," என்றாள் காமினி. "லெட்சுமி அக்கா குங்குமம் வைக்குறாங்க. விரல் என் நெத்திக்கு நேரா வருது."

"எங்க?"

"அவங்க வீட்லதான். மேல சுவத்துலருந்து தெரியுது. பாலை அடுப்புல வச்சிட்டு வந்துட்டாங்க. பொங்குது பாருங்க."

எதிர்வீட்டிலிருந்து அலறல் கேட்டது. "ஐயோ, பாலு!"

கோகிலனின் கையிலிருந்து ரப்பர் விழுந்தது.

"அடுத்த வீடும் தெரியுது. கீழ்வீடும். எல்லா வீடும்... ஒரே நேரத்துல." அவள் மூடிய கண்களை இரு கைகளாலும் பொத்தினாள். "போதும்ங்க! கண்ணை மூட முடியலையே!"

ரேமை மாட்டிப் பெட்டியைப் போட்டான். நின்றது. பேட்டரியைத் தேடினான். நகம் பிய்ந்தது. ரத்தத்தோடு கழற்றி, துடைத்து, மாட்டினான். சுவிட்சைத் தட்டினான்.

புள்ளிகள். ஒரு சுற்று. இரண்டு. எப்போதும் நிற்கிற இடம்.

தாண்டியது.

"எந்திரி," என்று பெட்டியிடம் கெஞ்சினான். "எந்திரிடா."

நீல வெளிச்சம் அறையெங்கும் பரவியது. பரவிய மாத்திரத்தில் பெட்டிக்குள் விசிறியின் இரைச்சல் அடங்கியது. திரை அப்படியே உறைந்தது. காமினியின் கதறலும் நின்றது.

வாசல் கிரில் தடதடத்தது. லெட்சுமி அக்கா மாமியாரின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். "தம்பி, இங்க பாரு! கண்ண மூடிட்டாங்க!" சட்டத்துக்குள் வடிவம்மாள், சவப்பெட்டியில் கிடத்திய அன்றைக்கு இருந்ததைப் போலவே இமை மூடியிருந்தாள். அக்காவுக்குப் பின்னால் நடைபாதை நெடுகக் கதவுகள் திறந்தன. ஒவ்வொரு கதவிலும் ஒரு சட்டம்.

கோகிலன் திரும்பினான்.

காமினி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. அவன் சோபாவை நோக்கி ஓடினான்.

"காமினி!"

நாற்பத்தாறு வயது முகத்தில் இருபத்து மூன்று வயதுக் கண்கள். தீட்டிய மை கலையவில்லை. அறையின் நீல வெளிச்சத்திலும், இரண்டு கருமணிகளில் வெள்ளைப் புள்ளியாய்க் கல்யாணத்தன்று விழுந்த கேமராவின் வெளிச்சம். அவன் இடப்பக்கம் நகர்ந்தான். அவனையே பார்த்தன. வலப்பக்கம் நகர்ந்தான். அப்போதும் அவனையே. இமைக்கவில்லை.

அவள் கை மட்டும் நீண்டு காற்றைத் துழாவியது.

"ஏங்க," என்றாள், அவன் முகத்தைப் பார்த்தபடியே. "எங்க இருக்கீங்க?"