உயரமான கழுத்துப்பட்டை

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் அந்த வீட்டின் முன் ஓவியன் ஜோதம் பெல் குதிரைவண்டியை நிறுத்தியபோது நல்ல வெயில். எலிஃபலெட் க்ரேன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாய்யா பெல். பொண்டாட்டி மாறியாச்சு. படத்துலயும் தலைய மாத்திடு. உடம்பு அப்படியே இருக்கட்டும், நல்ல உடம்பு."

ஜோதமுக்கு இது புது வேலை இல்லை. பனிக்காலம் முழுக்கத் தலையில்லாத பெண்களை வரைந்து அடுக்கி, வெயில் வந்ததும் முகம் தேடி ஊர் ஊராய்ப் போகிறவன். ஆனால் இந்த உடம்பை அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் க்ரேனின் முதல் மனைவி மெஹிட்டபெல் செத்த அன்று, பிணத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து, உயிரோடிருப்பவள் மாதிரி வரைந்தான். கழுத்தில் ஐந்து விரல் தடம் கன்றிப்போயிருந்தது. மோவாய் வரைக்கும் வெள்ளை லேஸ் பட்டை தீட்டி அதை மூடினான். வாயையும் மூடிக்கொண்டான்.

புது மனைவி லவீனியாவுக்குப் பத்தொன்பது வயது. அவள் முகம் மூன்று நாளில் படத்தில் ஏறிவிட்டது. நான்காம் நாள் பார்த்தால், பட்டையின் வெள்ளை பால் ஆடைபோல் மெலிந்து கிடந்தது. அடியில் நீலம்.

ஐந்து விரல்.

லவீனியா எழுந்து வந்து பார்த்தாள். உள்ளறையில் க்ரேன் இருமினார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்களையும் நீங்கதானே வரைஞ்சீங்க?"

"ஆமாம்மா."

"எப்படிச் செத்தாங்க? உண்மையச் சொல்லுங்க. எங்கப்பா வீடு எட்டு மைல்தான். இப்பவே நடந்துடுவேன்."

ஜோதம் தூரிகையைத் துடைத்தான். க்ரேனின் சிபாரிசில் இன்னும் ஆறு வீடு காத்திருந்தது.

"காய்ச்சல்மா. இது பழைய சாயம், கசிஞ்சு மேல வருது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நான் ஒரு கிறுக்கு. என்னென்னமோ நினைச்சுட்டேன்."

பட்டைமேல் மூன்று பூச்சு வெள்ளை ஏற்றிவிட்டு அவன் கிளம்பினான்.

அக்டோபரில் மறுபடி க்ரேனின் ஆள் வந்து கூப்பிட்டான்.

கூடத்தில் கற்பூர வாடை. லவீனியா நாற்காலியில் இருந்தாள், முதுகில் பலகை வைத்துக் கட்டி.

"காய்ச்சல்," என்றார் க்ரேன். "பட்டைய நானே மாட்டிட்டேன், உனக்கு வேலை மிச்சம். படத்துக்குக் கொஞ்சம் மெருகு மட்டும் போடு."

ஜோதம் கணப்புக்கு மேலே மாட்டியிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தான்.

படத்தில் மடிமேல் கோத்திருந்த கைகளில் ஒன்று அங்கே இல்லை.

அது மேலே ஏறி, பட்டையைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. கழுத்தில் இப்போது பத்து விரல் தடம்.

"யாரு தொட்டது இதை?" க்ரேன் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஜோதம் ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தான். சாயப்பெட்டி வண்டியிலேயே பூட்டிக் கிடந்தது. அவன் மெல்லக் குனிந்து பிணத்தின் மடியைப் பார்த்தான்.

லவீனியாவின் விரல் நுனியெல்லாம் வெள்ளைச் சாயம்.

இன்னும் காயவில்லை.