யானை என்ன கறியா தின்கிறது

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, காதிலும் கையிலும் கிடப்பதைக் கழற்றி வைத்துவிட்டு, இருப்பதிலேயே நைந்த துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வரிசைக்குப் போவோம். தெருமுனையில் எடைத்தூண் நிற்கிறது. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு விளக்கு, நடுவில் ஒரு குரல். தட்டில் ஏறினால் பெயரைச் சொல்லும், நிலையைச் சொல்லும், கடைசியில் நன்றியும் சொல்லும். மரியாதையான குரல். தெரு முழுவதற்கும் கேட்கும்.

அன்று எனக்கு முன்னால் செண்பகம் நின்றாள். அடுத்த வீட்டுக்காரி.

"ஏட்டி பிலோ, மூச்சை வெளிய விட்டுட்டு ஏறு. காத்துக்கும் எடை உண்டாம்" என்றாள்.

அவள் ஏறினாள். பச்சை விளக்கு. "வாழ்த்துகள்" என்றது தூண். செண்பகத்துக்கு ஒவ்வொரு வாரமும் பச்சைதான். சர்க்கரை நோய் அவளை உள்ளிருந்து உருக்கிக்கொண்டிருந்தது. தூண் அதையும் வாழ்த்தியது.

நான் ஏறினேன். மஞ்சள்.

"பிலோமினா லசார். இறங்குகோட்டுக்கு மேல். இரண்டாவது மீறல். நன்றி."

வரிசையில் பின்னாலிருந்து ஓர் ஆள் மெல்லச் சிரித்தான். "வீட்டுக்குள்ள மணக்க மணக்க நடக்கு போல."

செண்பகம் திரும்பி நின்றாள். "ஏன்வே, யானை என்ன கறியா திங்குது? அதப் புடிச்சு இந்தத் தட்டுல ஏத்தும் பாப்போம், மீன் தின்னு பெருத்துட்டேன்னுதான் சொல்லும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது மீறலுக்கு விளக்கு சிவப்பாகும். சிவப்பு விழுந்தவர் வெளிமனைக்குப் போக வேண்டும்.

வெளிமனை என்பது குளிர்வளாகத்தின் சுவருக்கு அப்பால் உள்ள எல்லாம். வெயில் மனிதரைக் கொல்லத் தொடங்கிய பிறகு கட்டப்பட்டது இந்த வளாகம். கடலோரத்து ஊர்களிலிருந்து எங்களைக் கொண்டுவந்தபோது ஒரே நிபந்தனைதான்: பசுமை உடன்படிக்கை. மீன், முட்டை, பால், கறி எதுவும் உள்ளே வரக்கூடாது. விலங்கு வளர்க்கத் தண்ணீரும் இல்லை, அதன் மூச்சைத் தாங்கும் அளவுக்குக் காற்றுப்பொறியும் இல்லை. அதில் நியாயம் இருந்தது. மகள் ஜோவிட்டாவுக்கு அப்போது ஐந்து வயது. வெளிக்காற்றில் நாலடி நடந்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். நான் யோசிக்காமல் உடன்பட்டேன்.

முதல் வருஷம் எல்லாரும் மெலிந்தோம். பங்கீட்டுக்கடையில் கீரையும் கொள்ளும் சாமையும் பூசணியும்தான் கிடைத்தன. நானே ஒன்பது கிலோ இறங்கினேன். படியேறினால் முட்டி வலிக்கவில்லை. அந்த வருஷத்து எடைகளை வைத்து ஒரு கோடு வரைந்தார்கள். செடி உணவு உண்பவர் உடல் வாராவாரம் இப்படித்தான் இறங்கும் என்று அதற்கு இறங்குகோடு எனப் பெயர் வைத்தார்கள். பிறகு ரத்தச் சோதனைக் கருவிகள் பழுதாயின, மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. யார் உடன்படிக்கையை மீறுகிறார் என்று கண்டுபிடிக்கக் கோடு ஒன்றே மிஞ்சியது. கோட்டின்படி இறங்குகிறவர் செடி தின்கிறார். இறங்காதவர் வேறு ஏதோ தின்கிறார்.

பிறகு கீரைப் பாத்திகளில் வேரழுகல் வந்தது. கடையில் கீரைக்குப் பதில் மரவள்ளி மாவு வந்தது, பனையெண்ணெய் வந்தது, கருப்பட்டி வந்தது. எங்கள் உணவு மாறிவிட்டது. கோடு மாறவில்லை.

அன்று சாயங்காலம் என் கணவர் லசார் வேலையிலிருந்து வந்து நேராகக் குளியலறைக்குள் போனார். அவருக்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் வேலை. குளிர்க்குழாய்களைப் பழுது பார்க்க வேண்டும், கொதிக்கிற குழாயின் மேல் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். ஆள் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருப்பார். சீயக்காய் போட்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"இன்னைக்கு என்ன மீன்? வாளையா?"

அவர் நிமிரவில்லை. "சாளை. வெளிமனை ஆளுவ சுட்டுத் தந்தானுவ. சும்மா ரெண்டு."

"ஒங்களுக்கு ஒவ்வொரு வாரமும் பச்சை."

"வேர்வையில போயிருது பிலோ. நான் என்ன செய்ய?"

அவர் தின்பது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மீன்பிடித்த குடும்பம். சொல்லித் திருத்த முடியாது என்று விட்டிருந்தேன். நான் மீன் தொட்டு நாலு வருஷம் ஆகிறது. கடையில் பலாக்கொட்டையில் செய்த கருவாடு விற்பார்கள். உப்பும் மணமும் நிறமும் அப்படியே இருக்கும். அதைக்கூட நான் வாங்குவதில்லை.

"நான் போய்ச் சொல்லிருதேன்" என்றார். "திங்கது நான், அவ இல்லன்னு."

"சொன்னா ரெண்டு பேரையும் தள்ளுவானுவ. ஜோவி யார்ட்ட இருப்பா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் மூடினேன்.

ஜோவிட்டா கூடத்தில் மரவள்ளி சிப்ஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் தினம் ஒன்று தருகிறார்கள். என்னைக் கண்டதும் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நெசமாவே நீ ஒண்ணும் திங்கலையா?"

"திங்கலட்டி."

"டீச்சர் சொன்னாங்க, வாய் பொய் சொல்லும், தூண் சொல்லாதுன்னு."

"உன் தலை மேல சத்தியம் ஜோவி. நான் தொடலை."

அவள் என் கையை எடுத்துத் தன் தலைமேல் தானே வைத்துக்கொண்டாள். நம்புவதற்கு அவ்வளவு பாடுபட்டாள்.

திங்கட்கிழமை உணவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி வைதேகி மேடம் நல்ல பெண்மணி. உட்காரச் சொன்னார், விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் எதையும் வரிசையாகச் சொன்னால்தான் பதறாமல் சொல்வேன். அதனால் காலையிலிருந்து ஆரம்பித்தேன்.

"காலையில மரவள்ளி மாவு தோசை, தேங்காச் சட்னி. மத்தியானம் சோறு, பொரிச்ச சோயா போட்ட குழம்பு. நாலு மணிக்கு வேலைக் கூடத்துலயே கருப்பட்டி மிட்டாய் குடுக்காங்க. ராத்திரி பூரி. நாள் பூரா உக்காந்து விதை பிரிக்கிற வேலை மேடம். இவ்வளவுதான் நான் திங்கது. எல்லாம் நம்ம கடைச் சாமான்."

"எல்லாம் செடிதானே?"

"எல்லாம் செடி."

"அப்போ எடை எப்படிம்மா ஏறும்?"

"எண்ணெயும் செடிதான் மேடம். சர்க்கரையும் செடிதான். கீரையும் கொள்ளும் தின்னப்ப இறங்குனேன். மீனை விட்டதால மட்டும் இறங்கல. திங்கது பாதியாச்சு, அதான் இறங்குனேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"நீங்க சொல்றது சரின்னு வச்சுக்குவோம். அப்ப கோடு தப்பு. கோட்டை வச்சு இதுவரைக்கும் வெளிய போனவங்க இருக்காங்களே, அவங்களை நான் என்ன பண்ணட்டும்?"

நான் எழுந்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். சிவப்பு விழுந்தா, தூண் முன்னாடி 'தின்றேன்'னு ஒத்துக்குங்க. ஒத்துக்கிட்டவங்க மாசம் ஒருமுறை வாசல் கண்ணாடியில பிள்ளையைப் பாக்கலாம். கோட்டுக்குக் கீழ இறங்கினா திரும்பியும் வரலாம். ஒத்துக்கலைன்னா அது மீறலோட பொய்யும் சேர்ந்ததாயிடும். பார்க்கவே விடமாட்டாங்க."

"திங்காததைத் தின்னேன்னு சொல்லணும்."

"பிள்ளையைப் பார்க்கணும்ல?"

வெள்ளிக்கு நாலு நாள் இருந்தது. முதல் நாள் கொள்ளுத் தண்ணீர் குடித்தேன். மறுநாள் அதையும் நிறுத்தினேன். புதன்கிழமை விதைக்கூடத்தில் பசியில் கண் கட்டி வெண்டை விதையும் பருத்தி விதையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வியாழக்கிழமை செண்பகம் ஒரு கிண்ணத்தில் வெந்த பூசணியோடு வந்தாள். அவள் பங்கில் கிடைத்தது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

"தின்னு. செத்துப்போனா தூண் பச்சை காட்டும், அது எதுக்கு?"

இரண்டு வாய் தின்றேன். அதற்கு மேல் தின்ன எனக்குப் பயமாக இருந்தது. பூசணியைப் பார்த்துப் பயந்தேன்.

வெள்ளிக்கிழமை லசார் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தார். ஜோவிட்டா செண்பகத்தின் கையைப் பிடித்து நின்றாள். சிவப்பு விழக்கூடியவர்களின் தெருவுக்கு அதிகாரி நேரில் வருவது வழக்கம். வைதேகி மேடம் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் தட்டில் ஏறினேன். இறங்கித்தான் இருந்தேன். ஆனால் கோடும் அந்த வாரம் அதன் போக்கில் இறங்கியிருந்தது.

சிவப்பு.

லசார் என்னைப் பிடித்து இறக்கிவிட்டுத் தான் ஏறினார். பச்சை. தூண் வாழ்த்தியது. அவர் தட்டைவிட்டு இறங்காமல், மடியிலிருந்து ஒரு வாளைக் கருவாட்டுத் துண்டை எடுத்தார். எல்லாரும் பார்க்க அதைக் கடித்து மென்றார்.

"மேடம், இது கருவாடு. நெசக் கருவாடு. நாலு வருசமா நான் திங்கேன். இவ மோந்துகூடப் பாத்ததில்ல. தள்ளுறதா இருந்தா என்னையத் தள்ளுங்க."

ஜோவிட்டாவை யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்டதற்கு அவர் கண்டுபிடித்த பதில் அது. அவள் என்னிடம் இருப்பாள், அவர் போவார்.

வைதேகி மேடம் அருகே போய் அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, நான் கண்டேன்.

"கடையில விக்கிற பலாக்கொட்டைக் கருவாடு இது. எங்க வீட்லயும் வாங்குவோம்."

"இல்ல மேடம். வாயில போட்டுப் பாருங்க. முள் இருக்கு."

"நீங்க மீன்னு சொல்றதை நான் வாயில வைக்க முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். நாலு வருஷம் இதைத் தின்னுருந்தா உங்க உடம்பு இப்படியாங்க இருக்கும்? பொண்டாட்டிக்காகப் பழியை ஏத்துக்கிறீங்க. நல்ல மனசு. இறங்குங்க."

"கோட்டுக்குள்" என்றது தூண் மறுபடியும், அவர் இன்னும் தட்டில் நின்றதால். "வாழ்த்துகள்."

வரிசையில் நின்ற ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

என்னைத் தூணுக்கு முன் நிறுத்தினார்கள். ஜோவிட்டாவைப் பார்க்காமல் சொல்லிவிட நினைத்தேன், முடியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு.

"தின்றேன்" என்றேன்.

அவள் கையைக் கீழே இறக்கினாள்.

வெளிமனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெயில் ஏறும் முன் உப்பளத்தில் வேலை, ஏறிய பின் பாறைக் குகைக்குள் படுக்கை, இறங்கிய பின் தண்ணீருக்கு நடை. உப்பு சுமக்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும். அங்கே மரவள்ளி மாவு இல்லை, எண்ணெய் இல்லை, கருப்பட்டி இல்லை. கழிமுகத்தில் பிடிக்கும் சிறு மீன்தான் உண்டு, ஒருவேளைக்கு ஒரு கை. முதல்முறை வாயில் வைத்தபோது அழுதேன். பிறகு தினமும் தின்றேன். வேறு எதுவும் இல்லை.

முதல் இரண்டு மாதமும் மூச்சுத் தொந்தரவு என்று ஜோவிட்டாவை வாசலுக்கு அழைத்துவரவில்லை. மூன்றாவது மாதம் லசார் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பார்ப்பதற்கு முன் வாசல் தூணில் ஏற வேண்டும். ஏறினேன்.

பச்சை.

"பிலோமினா லசார். கோட்டுக்குக் கீழ். பசுமை உடன்படிக்கையைக் கடைப்பிடித்ததற்கு வாழ்த்துகள். அடுத்த மாதமும் இந்நிலை நீடித்தால் உள்ளே அனுமதி. நன்றி."

கண்ணாடிக்கு அப்பால் ஜோவிட்டா குதித்தாள். கன்னம் உப்பியிருந்தாள். கையில் சிப்ஸ் பொட்டலம். சட்டைப் பொத்தான்கள் இழுபட்டுக்கொண்டு நின்றன. லசார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

கண்ணாடியில் பேசும் துளை தூணின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே பேசுவது எல்லாம் தூணுக்கும் கேட்கும்.

"அம்மா, விட்டுட்டியா?" என்றாள்.

என் விரல்களில் காலையில் தின்ற மீனின் மணம் இருந்தது. கண்ணாடி வழியே மணம் போகாது. ஆனாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"விட்டுட்டேன்ட்டி."

"பாத்தியா, விட்டதும் எறங்கிட்டு. அப்பவே விட்டிருக்கலாம்லாம்மா."

"ஆமா."

அவள் முகம் தெளிந்தது. என்னை மன்னித்துவிட்டாள். பொட்டலத்திலிருந்து ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி வந்தாள்.

"தையில எனக்குப் பத்து வயசு முடியுது. என்னையும் தூண்ல ஏத்துவாங்க. எங்க கிளாஸ்ல எல்லாரும் பயப்படுதாங்கம்மா. எனக்குப் பயமே இல்ல. நான்தான் ஒண்ணும் திங்கலையே."