ருவிஷ்கா என்ற பெயரின் பொருள்

மதிவாணன் வீட்டுக் கதவு ஆளைப் பார்த்ததும், "சத்தியவாணி. வாக்கில் பொய் கலக்காதவர். வருக" என்றது. ஈரோட்டில் எந்தக் கதவைத் தட்டினாலும் அவளுக்கு இதே மரியாதைதான். இன்றைக்கு மட்டும் அது குத்திக்காட்டுவதுபோல் இருந்தது.

எல்லாம் பெயர்க்கணி வந்த பிறகு வந்த வழக்கம். பெயரைக் கேட்டதும் பொருளைச் சொல்லும் இயந்திரம் அது. பிள்ளை பெற்றவர்கள் பெயர் தேடத்தான் முதலில் வாங்கினார்கள். பிறகு அது கதவிலும் வகுப்பறையிலும் ஏறி உட்கார்ந்து, பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட வாயைத் திறக்க ஆரம்பித்தது. வீரம் என்று பொருள்படும் பெயருள்ள பையனை ஆசிரியர் முதலில் மேடையேற்றுவார். சாந்தம் என்று பொருள்படும் பெண் கோபித்துக்கொண்டால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

சமஸ்கிருதப் பெயர்களின் ஒலிக்கே ஆளை உருவாக்கும் சக்தி உண்டு என்று பெயர்க்கணி ஆண்டுதோறும் அறிக்கை விடும். இந்த ஆண்டு முதலிடம் ருவிஷ்காவுக்கு. பொருள்: பசித்தவர் வருமுன் உலை வைப்பவள். நாடெங்கும் பதினொரு லட்சம் ருவிஷ்காக்கள் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் பெயருக்கேற்றபடியே நடக்கிறார்களாம்.

மதிவாணன் சத்தியவாணியின் தம்பி. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவனுக்குப் பெண் பிறந்திருந்தது. இன்று பெயர் சூட்டு விழா. அத்தைதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய பெயரும் ருவிஷ்காதான்.

அப்படி ஒரு சொல் சமஸ்கிருதத்திலேயே கிடையாது. அது சத்தியவாணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் பெயர்க்கணிக்குப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகத்தில் இருந்தாள். போட்டிக்காரர்கள் பட்டியலை அப்படியே திருடுகிறார்கள் என்று மேலாளருக்குச் சந்தேகம். இல்லாத பெயர் ஒன்றை உள்ளே வை, அது அவர்களிடமும் வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றார். அப்போது மதியம் மணி இரண்டரை. கேன்டீனில் சோறு தீர்ந்துபோயிருந்தது. வாய்க்கு வந்த நாலு எழுத்தைக் கோத்துப் பெயராக்கினாள். பசித்த வயிறு எதை நினைத்ததோ அதைப் பொருளாக எழுதினாள். திருடர்கள் மாட்டிக்கொண்டார்கள். பெயரை நீக்கத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள். மேலாளரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முதல் நூறு ருவிஷ்கா பிறந்தபோது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. லட்சம் தாண்டியதும் சிரிப்பு நின்றுபோனது. இப்போது சொந்தத் தம்பி மகளுக்கே என்றதும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

உள்ளறையில் மதிவாணன் மனைவி ரேணுகா குழந்தைக்கு மை வைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரைக் கண்டதும் முகமெல்லாம் பூரித்துப்போய், அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த கதையை அவளே ஆரம்பித்தாள்.

"போன தடவை கரு கலைஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தனுங்க அண்ணி. யாருகிட்டயும் பேசல. பயிற்சிக்கு வந்த நர்ஸ் புள்ள ஒண்ணு, நான் கேக்காமயே ரசஞ்சோறு கொண்டாந்து வெச்சுது. அதும் பேரு ருவிஷ்கா. எனக்குன்னு ஒண்ணு பொறந்தா இந்தப் பேருதான்னு அன்னிக்கே நெனச்சுட்டனுங்க."

இவளிடம் போய் எதைச் சொல்வது? சத்தியவாணி குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள். கோழைத்தனம்தான். ஆனாலும் இயந்திரத்திடம் சொல்லிவிட்டால் அதுவே பெயரை நீக்கிவிடும் என்று தோன்றியது. கூடத்துச் சுவரில் இருந்த பெயர்க்கணியிடம் குனிந்து, ருவிஷ்கா தான் இட்டுக்கட்டிய பெயர் என்று மெதுவாகச் சொன்னாள்.

"பரிசீலித்தேன்" என்றது அது. "இந்தப் பெயருக்கு ஒரே சான்று தாங்கள்தான். தாங்கள் வாக்கில் பொய் கலக்காதவர். ஆகவே அன்று சொன்னது உண்மை."

"இப்பச் சொல்றதும் நான்தானே?"

"இதைத் தங்கள் தன்னடக்கம் என்று பதிந்துகொண்டேன்."

சத்தியவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதைவிட என்ன செய்ய முடியும்? அப்போது ஒரு பெண் தட்டில் இட்லியோடு வந்து, வந்ததிலிருந்து நீங்கள் எதுவும் சாப்பிடவில்லையே என்று நீட்டினாள். விழாவுக்கு அழைத்திருந்த அந்த நர்ஸ் பெண்தான். விருந்தாளியாக வந்தவள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்புட்டயா கண்ணு?"

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். "எம்பேரு தெரிஞ்சா யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்களேங்க. பள்ளிக்கூடத்துலயே சோறு பரிமாற என்னையத்தான் விடுவாங்க. கடைசியா மிஞ்சுனா சாப்புட்டுக்குவேன்." அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள்.

சத்தியவாணி இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். தொண்ணூற்று நான்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. ஒலி எதையும் செய்யவில்லை. பொருளைக் கேட்ட ஒவ்வொருவரும் ஒரு கரண்டியை எடுத்து இந்தப் பெண்களின் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் மதியம் தான் பட்ட பசிக்குப் பதினொரு லட்சம் பிள்ளைகள் காத்திருந்து கடைசியில் சாப்பிடுகிறார்கள்.

நேரமாகிவிட்டது என்று மதிவாணன் கூப்பிட்டான். தொட்டிலில் கட்டியிருந்த பெயர்க்கணி, அத்தை சொல்வதைப் பதிய விழித்துக்கொண்டது. சத்தியவாணி குனிந்து வெற்றிலையால் மறைத்துக்கொண்டு மூன்று முறை பெயரைச் சொன்னாள். நிமிரவில்லை. நாலாவதாக ஒன்றையும் சொன்னாள்.

"பசிச்சா மொதல்ல நீ சாப்புடு சாமி."

குழந்தை கொட்டாவி விட்டது. எல்லோரும் சர்க்கரை கொடுத்துக்கொண்டார்கள். ரேணுகா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த நாலாவது வாக்கியத்தை, பொய் சொல்லாத ஒரே சான்றாளர் பெயரின் பொருளுக்குத் தந்த திருத்தமாகப் பெயர்க்கணி எடுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் நாட்டிலுள்ள கதவுகளெல்லாம், "ருவிஷ்கா. பசித்தால் முதலில் உண்பவள். வருக" என்றன. பள்ளிகளில் வரிசையின் முன்னால் அவர்களை நிறுத்தினார்கள். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் பெண் ஆஸ்பத்திரியில் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகும் நோயாளிகளுக்கு ரசஞ்சோறு கொண்டுபோனாள்.

மதிவாணன் வீட்டில் குட்டி ருவிஷ்கா மணிக்கொரு தரம் பாலுக்கு வீல் என்று கத்தினாள். பேருக்கேத்த புள்ளை என்று ரேணுகா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. பெயரின் பொருளுக்கேற்ப நடப்பவர்களில் மறுபடியும் ருவிஷ்காக்களுக்கே முதலிடம். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.