ஒரு விரல் போதும்

பங்குனி பிறந்துவிட்டால் மேட்டுநகரின் கதவுக் கடைகளில் கூட்டம் நெரியும். அந்தக் காலத்தில் தீபாவளிக்குத் துணி எடுத்ததுபோல, இப்போது குடும்பம் குடும்பமாக வந்து கதவு எடுக்கிறார்கள். வாசலில் பன்னீர், கல்கண்டு எல்லாம் உண்டு. குளிர்த்துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற சிங்காரவேலு, மனைவி வேதவல்லியை முன்னே விட்டுத் தாம் பின்னே நுழைந்தார். பெண்களுக்கு முதலிடம் தருவது அவருடைய கொள்கை.

"வாங்க சார், வாங்கம்மா. வீட்ல விசேஷமா?" என்று கேட்டான் விற்பனைக்கார ஜெபராஜ்.

"பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பேரன் பிறந்திருக்கிறான். நாளை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள்."

"ரொம்ப சந்தோசம் சார். அப்ப நாலாவது மூச்சு. கதவு போட்டே ஆகணும்."

சுவரின் மேலே பதித்த இரும்புத் தண்டவாளத்தில், இரண்டு உருளைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரிக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. ஜெபராஜ் அதைத் தட்டிக் காட்டினான். "பார்ன் டோர்னு பேரு. மேல்நாட்டுல தொழுவத்துக்குப் போட்ட கதவு. திறந்து மூட எடம் அடைக்காது, சுவரோட சுவரா நகரும்."

"தொழுவத்துக் கதவா? பொருத்தம்தான்," என்றாள் வேதவல்லி. "உள்ள மனுசங்க. வெளிய மாடு."

"வேதா, நாலு பேர் இருக்கிற இடம்," என்றார் சிங்காரவேலு, சட்டைக் காலரைச் சரிசெய்தபடி.

பங்குனியிலிருந்து ஆடி வரை ஒரு வீட்டுக்கு ஓர் அறையைக் குளிரவைக்க மட்டுமே மின்சாரம். அந்த அறையில் மூன்று பேர் மூச்சுவிடலாம். உச்சியில் இருக்கும் மூச்சுமானி எண்ணிக்கொண்டே இருக்கும். நான்காவது மூச்சு நீடித்தால் அறை முழுவதற்கும் குளிர் நின்றுவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதற்கு 'வெளியிருப்பு' என்று பெயர். வெளியிருப்பில் போனவர்களில் ஆவணியைப் பார்த்தவர்கள் சொற்பம். அப்படிப் பார்த்தவர்களின் படத்தைத் துறை காலண்டரில் போடும். சென்ற ஆண்டுக் காலண்டரில் இரண்டு மாதங்களுக்குப் பூப்படம்தான் போட முடிந்தது.

யார் வெளியே போவது என்பதில் குடும்பங்களுக்குள் சண்டை வரக்கூடாதென்று அரசே முடிவு செய்து வைத்திருந்தது. பதிவுப்படி யார் மூத்தவரோ, அவர். இதற்கு 'மூத்தோர் முதல் மரியாதை' என்று பெயர் சூட்டியதே சிங்காரவேலுதான். அதற்காகத் துறை கொடுத்த வெள்ளிக் கேடயம் கூடத்து அலமாரியில் இன்னும் பளபளக்கிறது.

பதிவுப்படி அவருக்கு வயது அறுபது. வேதவல்லிக்கு அறுபத்தொன்று.

"பூட்டு மாதிரி ஒண்ணு இருக்குதே, அது என்ன?" என்று கேட்டாள் வேதவல்லி.

"அதாம்மா மென்மூடி. கதவைத் தள்ளிவிட்டா, கடைசி ஒரு சாண் தூரத்துல இந்த அணைப்பான் கவ்விக்கும். பொறவு அதுவா மெதுவா மூடிக்கும். முன்னெல்லாம் படார்னு சாத்துவாங்க. அந்தச் சத்தம் மனச என்னமோ பண்ணுதுன்னு புகார் போச்சு. அதான் சட்டத்துலயே கட்டாயமாக்கிட்டாங்க." பிறகு சிங்காரவேலுவின் பக்கம் திரும்பினான். "என்ன மரம் சார்? லேசான கதவுக்கு முரட்டு அணைப்பான் போட்டா சாண் எடைவெளியிலயே நின்னுரும். கனமான கதவுக்கு நோஞ்சான் அணைப்பான் போட்டா போய் முட்டும்."

"தேக்கு," என்றார் சிங்காரவேலு. ஓர் இணை இயக்குநரின் வீட்டில் ஒட்டுப்பலகையா?

"அப்ப ரெட்டை அணைப்பான். அந்த ஒரு சாண் மூட பத்து நொடி ஆகும். சனங்க அதுக்கு விடைநேரம்னு பேரு வச்சிருக்காங்க. யாராவது ஏதாவது சொல்றதுன்னா சொல்லிக்கலாம்."

"விடைநேரம்!" சிங்காரவேலுவின் முகம் மலர்ந்தது. தமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமையும் பட்டார்.

"வெளிப்பக்கம் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லுங்க," என்றாள் வேதவல்லி.

"எதற்கு?"

"புடிச்சுக்கத்தான்."

ஜெபராஜ் தரையைப் பார்த்தான். "வைக்கலாம்மா. பெரும்பாலும் வேணாம்ங்கிறாங்க. வச்சா... இழுத்துக்கிட்டே இருக்காங்களாம்."

"பலகை வழவழவென்று இருந்தால்தான் கம்பீரம்," என்று தீர்ப்புச் சொன்னார் சிங்காரவேலு. கைப்பிடி உள்பக்கம் மட்டும் என்று ஆயிற்று. பித்தளையில்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் வேதவல்லி கேட்டாள்: "ஏங்க, நமக்கு அறுபதாம் கல்யாணம் எப்ப நடந்துச்சு?"

"எதற்கு இப்போது?"

"மூணு வருசம் முன்னாடி. கோயில்ல உங்களுக்கு நான் மாலை போட்டேன். ஐயர் கலசத்தண்ணிய உங்க தலையில ஊத்தினார். பார்த்தா, உங்களுக்கு இப்பத்தான் அறுபதே ஆகுதாம்."

கடலோர ஊர்கள் முழுகியபோது முகாமுக்கு வந்து சேர்ந்த சிங்காரவேலுவின் அப்பா, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கையில் மூன்று வயதைக் குறைத்துச் சொன்னார். பின்னால் உத்தியோகத்துக்கு ஆகும் என்ற கணக்கு. ஆகவும் செய்தது. மூன்று ஆண்டு கூடுதலாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜாதகத்தில் மூத்தவர், பதிவில் இளையவர். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை அது. துறையின் ஜன்னலில் போய் உண்மையைச் சொல்லி ஒரு கைரேகை வைத்தால் மாற்றிவிடலாம். அவ்வளவுதான்.

"அரசுப் பதிவு பொய் என்று நானே சொன்னால், நான் போட்ட கையெழுத்துக்கெல்லாம் என்ன மதிப்பு?" என்றார்.

"அதுவும் சரிதான்," என்றாள் அவள். "கையெழுத்து முக்கியம்."

"நாளைக்குப் பார்க்கலாம்."

மறுநாள் ஜெபராஜ் கதவோடு வந்தான். உள்ளறையின் சுவர் உள்ளீடற்றது, தேக்கைத் தாங்காது என்று குறுக்கே ஒரு பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளத்தை முடுக்கினான். ரசமட்டத்தைச் சிங்காரவேலு பிடித்துக்கொண்டார். குமிழி நடுவில் நின்றதும், தாமே நிறுத்தியதுபோல் தலையசைத்தார். உருளைகள் ஏறின. கதவு ஆடாமல் இருக்கத் தரையில் வழிகாட்டி பதிந்தது. விளிம்புகளில் ரப்பர் பட்டை ஒட்டியாயிற்று. அன்று முழுக்க அவர் துறை அலுவலகத்தின் பக்கம் போகவில்லை. வேலையை மேற்பார்வை செய்ய ஆள் வேண்டாமா?

"வெளியிருப்பு யாருக்கும்மா?" என்று ஏணியிலிருந்தே கேட்டான் ஜெபராஜ்.

"முதல் மரியாதை எனக்குத்தான்."

அவன் சிங்காரவேலுவைப் பார்த்தான். "சார் உங்களுக்கு இளையவரா?"

"மீசைக்குச் சாயம் அடிச்சா எல்லாரும் இளையவங்கதான் தம்பி. இறங்கு, காப்பி ஆறுது."

வேலை முடிந்ததும் அவன் சொன்னான்: "தள்ளிப் பாருங்க சார். ஒரு விரல் போதும். திறக்கவும் அப்படித்தான்." சிங்காரவேலு ஆட்காட்டி விரலால் தள்ளினார். தேக்குக் கதவு வழுக்கிக்கொண்டு போய், கடைசிச் சாணில் தயங்கி, பெருமூச்சுகூட விடாமல் மூடிக்கொண்டது. திறந்தார். மறுபடி மூடினார். நாலைந்து தடவை.

அடுத்த நாள் உச்சிவெயிலில் மகள் இளவேனில் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே மூன்று மூச்சு. கட்டிலில் படுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்று நேரத்தில் மூச்சுமானியின் விளக்கு மஞ்சளாயிற்று. "நான்கு மூச்சு," என்றது இனிய குரலில். "அன்புகூர்ந்து ஒத்துழையுங்கள்."

வேதவல்லி ஒரு பாய், தண்ணீர்க் குடம், விசிறி எடுத்துக்கொண்டாள். பேரனைக் குனிந்து முகர்ந்தாள். "வெயில் தாழ்ந்ததும் வெந்நீர்ல தொடச்சு விடுடி. தலைக்கு ஊத்தாதே," என்று மகளின் முதுகிடம் சொன்னாள். முதுகு குலுங்கியது.

கூடத்தில் அடி வைத்ததும் அனல் அவள் முந்தானையைத் தூக்கியது. திரும்பி நின்றாள்.

"ஏங்க. ஏதாவது சொல்லணுமா?"

சிங்காரவேலு தொண்டையைச் செருமினார். எத்தனையோ கூட்டங்களில் எழுதிவைக்காமலே பேசிய தொண்டை அது. "பத்திரமாக இரு," என்றார். விளக்கு சிவப்பாகத் தொடங்கியது. விரலை வைத்தார்.

கதவு நகர்ந்தது. அணைப்பான் கவ்வியது. கடைசிச் சாணில் அவள் முகம் அப்படியே தெரிந்தது. கோபம் இல்லை. காத்திருந்தாள். நான்தான் மூத்தவன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இவருடைய தேக்குக்குக் கிடைத்த பத்து நொடியில் அதைப் பலமுறை சொல்லலாம். வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. அந்தப் பக்கம் கைப்பிடி இல்லாததால் கதவின் விளிம்பை நான்கு விரல்கள் பற்றின.

அவர் வாய் திறந்தது.

"விரல், விரல்! நசுங்கிடப் போகுது, எடு!"

அவள் எடுத்துக்கொண்டாள். என்றைக்கும் அவர் சொல்லைத் தட்டியவள் இல்லை.

"மூன்று மூச்சு," என்றது குரல். "நன்றி." குளிர் மறுபடி இறங்கியது. குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டது.

சிங்காரவேலு பித்தளைக் கைப்பிடியைப் பார்த்தபடி நின்றார். அது கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அப்பா," என்றாள் இளவேனில், திரும்பாமலே. "எப்ப மூடப் போறீங்க?"

"மூடியாச்சும்மா."

"சத்தமே கேக்கலையே."

"நல்ல கதவு," என்றார்.