பயிர்க்குரல் கழற்றும் வேலை

காலையில் ஜீப்பில் ஏறும்போது ஒரு திருப்புளி, ஒரு மண்வெட்டி, காதில் அடைத்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு. வேளாண் உதவி அலுவலருக்கு இப்போது இவை போதும். விதை, உரம், பூச்சி என்று பேசிய காலத்தில் எங்கள் ஜீப்பைக் கண்டதும் டீ வாங்க ஆள் ஓடும். இப்போது வாடிப் போன முகத்தோடு கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தவிக்கிற செடி மெல்லிய ஒலி எழுப்பும். மனிதக் காதுக்கு அது எட்டாது. எங்கள் துறை அதை எட்ட வைத்தது. வேரடியில் புதைக்கும் சென்சாருக்கு வேர்ச்செவி என்று பெயர். அது கேட்பதை வீட்டு வாசலில் மாட்டிய ஸ்பீக்கர் பெட்டி உரக்கச் சொல்லும். அதுதான் பயிர்க்குரல். எந்தச் சத்தத்தில் சொல்வது என்று தலைமையகத்தில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. மணி அடித்தார்கள், சங்கு ஊதினார்கள். விவசாயிகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தங்கள் வேலையில் குனிந்துகொண்டார்கள். கைக்குழந்தையின் அழுகையை வைத்ததும் எல்லாரும் ஓடினார்கள். அதையே வைத்துவிட்டார்கள். தண்ணீர் இருந்தவரை மகசூல் கூடியது, துறைக்கு விருதும் கிடைத்தது.

பிறகு கண்மாய்கள் வற்றின. கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விடும் காலம் வந்தது. யாருக்கு எவ்வளவு என்று நீர்க்கணிப்பான் என்ற மென்பொருள் முடிவு செய்கிறது. தேறாது என்று அது சொன்ன நிலத்துக்குக் குழாயை அடைத்துவிடுவார்கள், மறுபடி திறப்பதில்லை. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் குழாயை அடைத்த அன்றே செடி செத்துவிடுவதில்லை. சாகிறவரை பெட்டி அழும். அதைக் கழற்றத்தான் நான் போகிறேன்.

அன்று கமுதிக்குக் கிழக்கே வழிவிட்டான் என்பவரின் வீடு. வீட்டை ஒட்டியே மிளகாய்க் காடு. இலை சுருண்டு, காய் பழுக்காமலே வெளுத்துக் கிடந்தது. வழிவிட்டான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, செடிக்குச் செடி டம்ளரால் ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் குடிக்க விடும் தண்ணீர் அது. அவர் மனைவி பஞ்சவர்ணம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே கருவேல மரத்தில் சேலைத் தூளி தொங்கியது. பிறந்து சில மாதமே ஆன பிள்ளை அதில் தூங்கிக்கொண்டிருந்தது. வாசல் பெட்டி வீரிட்டு அழுதது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் என்பதால் பிள்ளை அசையவில்லை.

“கழட்ட வந்துருக்கீகளா மேடம்?” என்றார் வழிவிட்டான், குடத்தை இறக்காமலே.

“கணிப்பான் முடிவு பண்ணிருச்சுங்க. இனி ஊத்தியும் பிரயோசனம் இல்ல. குடிக்கிற தண்ணியவாவது வச்சுக்கங்க.”

“அழுதா உசுரு இருக்குன்னு அர்த்தம், ஓடிப் போயித் தண்ணி காட்டுங்கன்னு மாட்டுறப்ப நீங்கதான சொன்னீக? இன்னும் அழுகுதே. உசுரா இருக்குறத எப்பிடி மேடம் விட்டுட்டுப் போறது?”

இதற்குத் துறை ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் ஜீப்பிலிருந்து மண்வெட்டியை எடுத்தேன்.

“நீங்க கழட்டுங்க மேடம்,” என்றாள் பஞ்சவர்ணம். “மொதல்ல இது அழுதா எனக்கு மாருல பால் சொரக்கும். புள்ளைதான் அழுகுதுன்னு ஒடம்பு ஏமாந்துரும். எந்திரிச்சு ஓடுவேன், இருக்குற தண்ணிய ஊத்துவேன். கொழாய அடைச்சப்பறம் ஓடி என்ன செய்ய? உக்காந்தே பழகிட்டேன். காதுல விழுது, அதுக்கு மேல உள்ள போகமாட்டேங்குது.”

“பிள்ளைக்குப் பால்?”

“அது நின்னுபோச்சு. கஞ்சித்தண்ணி குடுக்குறேன்.”

வழிவிட்டான் குடத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் காட்டுக்குள் நடந்துபோய், செடிகளுக்கு நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் மண்ணைக் கிளறி வேர்ச்செவியை எடுத்தேன். வாசலுக்கு வந்து திருகாணிகளைக் கழற்றி, வயரை அறுத்தேன். அழுகை நின்றது. அப்படி ஓர் அமைதியை அந்த வீடு கேட்டு எத்தனை காலமாயிற்றோ. காதில் பஞ்சில்லாமல் நிற்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜீப்பில் பெட்டியை வைக்கப் போனபோது மறுபடி அழுகை கேட்டது. பெட்டி என் கையில் இருந்தது. வயர் அறுந்து தொங்கியது. கருவேல மரத்தில் தூளி ஆடியது. உள்ளிருந்து ஒரு சின்னக் கால் சேலையை உதைத்தது.

திரும்பிப் பார்த்தேன். பஞ்சவர்ணம் நீட்டிய காலை மடக்கவில்லை. அவள் கண் மிளகாய்க் காட்டிலேயே இருந்தது.

“இன்னொண்ணு எங்கயோ கெடக்கு மேடம்,” என்றாள். “அதையும் புடுங்கிட்டுப் போயிருங்க.”