பதிமூன்றாம் எண் இருக்கை

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் பாதி முடிவதற்குள் கர்ட் ஒன்றரை பன் தின்றிருந்தான். முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் அடைத்த பன். மிச்ச அரையைத் தங்கை டெலியாவின் கையில் திணித்துவிட்டு மைதானத்தைப் பார்த்துக் கத்தினான்.

"டேய், யாரைப் பார்த்துடா எறியற? அங்க நிக்கறது தண்ணி டிரம்டா!"

"அண்ணா, இது பயிற்சி ஆட்டம். ரெண்டு பக்கமும் நம்ம காலேஜ் பசங்கதான். யார் ஜெயிச்சாலும் நாமதான்."

"அப்படியும் தோக்கற மாதிரி ஆடறாங்களே, அதான்டி என் கவலை!"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கட்டைவிரலில் ஒட்டியிருந்த கடுகுச் சாஸை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு, "செப்டம்பர்ல பாரு" என்றான்.

மூன்று வாரம் கழித்து, சோளம் விதைத்துக்கொண்டிருந்தபோது, டிராக்டர் மேலேயே அவன் இதயம் நின்றுபோனது. வயது நாற்பத்தொன்று. டிராக்டர் தன்பாட்டுக்கு நேராகப் போய் வேலியில் முட்டி நின்றிருந்தது.

செப்டம்பர் வந்தது. மழையோடு வந்தது.

ஹாலோவே கல்லூரியின் கொக்குகள் அணிக்கு அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம். டெலியா போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை மதியம், நெப்ராஸ்காவில் ஒரு வீடு அவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது... மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தெற்குப் பார்வையாளர் மாடம், இருபத்திரண்டாம் வரிசை. பருவம் முழுவதற்குமான சீட்டில் பதிமூன்றாம் இருக்கை கர்ட் பெயரில், பதினான்கு அவள் பெயரில். இருபத்திரண்டு வருடமாக அதே அலுமினியப் பெஞ்சு, அதே முகங்கள். அந்த வரிசையில் யாரும் யாரிடமும் டிக்கெட் கேட்டதில்லை.

பதிமூன்றில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க... எந்திரிங்க. இது எங்க அண்ணன் இடம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இமைகளில் மழைத்துளிகள். வயலின் மேல் வந்து நின்று, பெய்வதா வேண்டாமா என்று யோசிக்கும் மேகத்தின் நிறம் அந்தக் கண்களுக்கு. டிக்கெட்டை எடுத்துக் காட்டினான்.

"இருபத்திரண்டாவது வரிசை, பதிமூணு. சரியாத்தானே உக்காந்திருக்கேன்? உங்க அண்ணன் வரட்டும், பேசிக்கலாம்."

"அவன் வரமாட்டான்."

"அப்ப என்னங்க பிரச்சனை?"

பின்வரிசையில் மாட்டுமணி ஆட்டிக்கொண்டிருந்த பெர்னிஸ் சட்டென்று மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டாள். கொக்குகள் தடுமாறும் போதெல்லாம் அந்த மணியை ஆட்டித் தட்டி எழுப்புவது அவள் வேலை. இப்போது அவள் குனிந்து, அவன் காதருகே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"தம்பி, அவ அண்ணன் மே மாசம் செத்துட்டான்."

அவன் எழுந்துவிட்டான். எழுந்தானே தவிர, போக இடமில்லை. அரங்கம் நிறைந்திருந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மழையில், கால் மணி நேரம் அப்படியே நின்றான்.

"யோவ், உக்காருய்யா! மறைக்குது!"

"நெட்டக் கொக்கு மாதிரி நிக்கிறியே, உன்னைக் களத்துல இறக்கிவிட்டாலாவது ஜெயிப்போம்!"

டெலியாவுக்குக் காது சிவந்தது. "உக்காந்து தொலைங்க. எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

உட்கார்ந்தான், பெஞ்சின் நுனியில், பாதி உடம்பு காற்றில். கடைசி நொடியில் கொக்குகள் உதைத்த பந்து கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. இருபதுக்குப் பதினேழு. தோல்வி.

அன்று மாலை, அலமாரியில் கட்டி வைத்திருந்த இரங்கல் கடிதங்களை டெலியா முதல்முறையாக அவிழ்த்தாள். நடுவில் ஒரு உறை, மூலையில் பறக்கும் கொக்கு முத்திரையோடு. நெடுநாள் ரசிகர் இறந்தால் கல்லூரியிலிருந்து அனுதாபம் தெரிவித்து எழுதுவது வழக்கம். அப்படி ஒன்று என்று எண்ணித்தான், படிக்கத் தைரியமில்லாமல், பிரிக்காமலே வைத்திருந்தாள். இப்போது பிரித்தாள். இருக்கையைக் குடும்பத்தில் வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் ஜூன் பதினைந்துக்குள் கையெழுத்திட்டு அனுப்பவும், தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று எழுதியிருந்தது.

அண்ணனின் இடத்தை எடுத்துக் கொடுத்தது அவளேதான்.

அது தெரிந்தும் அவன் மேல்தான் கோபம் வந்தது. என்ன செய்ய...

அடுத்த சனிக்கிழமை இருவருக்கும் நடுவில் தன் பையை வைத்தாள். அவன் பெயர் எமெட் என்று பெர்னிஸ் விசாரித்து வைத்திருந்தாள். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவனாம், தனியாள். "கையைப் பாரேன், எவ்வளவு கழுவினாலும் கிரீஸ்" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள். டெலியா திரும்பவில்லை.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஆட்டம் தொடங்கியதும் பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் முணுமுணுத்தாள். "இப்ப நடுவுல புகுந்து ஓடுவான். ரெண்டு அடி போய் விழுவான்."

ஓடினான். இரண்டு அடியில் விழுந்தான்.

"எப்படிங்க தெரிஞ்சுது?" என்றான் எமெட்.

"இருபத்திரண்டு வருஷமா அதையேதானே பண்றாங்க."

"நான் எட்டு வருஷம் காத்திருந்தேன், இந்த டிக்கெட்டுக்கு."

"இந்த டீமைப் பாக்கவா? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டுனேன். அவர் பட்டியல்ல எனக்குப் பின்னாடி நிக்கறார்."

சிரித்துவிட்டாள். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து. மே மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் சிரிப்பு. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்... அந்த மேகக் கண்கள் ஏதோ கேட்டன. அவளும் பார்வையை எடுக்கவில்லை. அடுத்த கணம் பயம் வந்தது. யாருடைய இடத்தில் இருப்பவனோடு சிரிக்கிறாய் டெலியா?

"இந்த இடம் எப்படிக் காலியாச்சுன்னு தெரிஞ்சும்," என்றாள், "எப்படிங்க உங்களால இங்க உக்கார முடியுது?"

அவன் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டான். கொக்குகள் முப்பத்தெட்டுக்குப் பதினான்கு என்று தோற்றன.

மூன்றாவது சனிக்கிழமை பதிமூன்றில் யாரும் இல்லை.

பெர்னிஸ் ஓர் உறையை நீட்டினாள். "வாசல்ல நின்னு குடுத்துட்டுப் போனான்."

உள்ளே கல்லூரி அலுவலகத்தின் முத்திரையிட்ட தாள், பதிமூன்று அவள் பெயருக்கு மாற்றப்பட்டதாக. கூடவே பென்சிலில் நாலு வரி. 'திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். மன்னியுங்கள். எமெட்.'

"இப்ப சந்தோஷமா?" என்றாள் பெர்னிஸ்.

"ஏன் அக்கா, நீங்களும் குத்தணுமா?"

"குத்தலடி. கேக்கறேன்."

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டதே. ஆட்டம் தொடங்கியது. "இப்ப தூரமா எறிவான், எதிராளி பிடிச்சுக்குவான்" என்றாள் பக்கவாட்டில். எறிந்தான். எதிராளி பிடித்தான். எப்படித் தெரிந்தது என்று கேட்க ஆளில்லை. வெற்று அலுமினியத்தின் மேல் மழை தெறித்துக்கொண்டிருந்தது. அவள் கையால் துடைத்தாள். மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தாள். யாருக்காகத் துடைக்கிறோம் என்று தோன்றியதும் கை நின்றது.

இடம் கிடைத்தால் அண்ணன் வந்துவிடுவானா?

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் எழுந்தாள். "அக்கா, அவரு எங்க?"

"வடக்குப் பக்கம் புல்லு மேட்டுல. இடம் இல்லாதவங்க நிக்கறாங்களே, அங்க." பெர்னிஸ் மணியைத் தூக்கி ஆட்டினாள், கொக்குகளுக்கு அல்ல, அவளுக்கு. "ஓடுடி! நாங்க இங்க தோத்துக்கறோம்!"

புல் மேடு சேறாகக் கிடந்தது. நனைந்த தொப்பிகளுக்கு நடுவில் அவன் தனியாக, கோட்டுப் பையில் கைவிட்டு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் பதறினான்.

"தாள்ல ஏதாவது தப்பா இருக்கா? நம்பர் சரியா பாத்துத்தான்..."

"தப்பு என்னோடது. ஜூன்லயே லெட்டர் வந்துச்சு. நான்தான் பிரிக்கல. இதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் உங்ககிட்ட கத்தினேன்."

"பரவாயில்லைங்க."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க! ஏன் விட்டுக் குடுத்தீங்க? எட்டு வருஷம்!"

அவன் சேற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னைக்குச் சிரிச்சீங்க. அப்புறம் அதுக்காக உங்களையே தண்டிச்சுக்கிட்டீங்க. நான் அங்க இருக்கற வரைக்கும் உங்களால சிரிக்க முடியாதுன்னு தோணுச்சு. அதுக்கு நான் மேட்டுல நிக்கலாமே."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழை பெய்வது நல்லதாகப் போயிற்று.

"அந்த இடம் காலியா இருந்தா அண்ணன் இருப்பான்னு நெனச்சேன்" என்றாள். "இல்லைங்க. காலியாத்தான் இருக்கு."

அவன் ஆறுதல் சொல்லாமல் நிற்கத் தெரிந்தவன்... அது ஒன்று போதும் போலிருந்தது அவளுக்கு.

"அடுத்த சனிக்கிழமை வந்து உக்காருங்க. அவன் இடத்துல இல்ல..." மூச்சை இழுத்துக்கொண்டாள். "என் பக்கத்துல."

"டெலியா, அப்ப ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன வாரம் நான் ஆட்டத்தையே பாக்கல."

"தெரியும். கொக்குங்க அடிபட்டுக் கெடக்கும்போது கை தட்டினீங்க."

"நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க, அதனால." நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்களின் மேகம் கடைசியில் பெய்தே விட்டது. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இப்ப சொல்லக் கூடாத நேரம்னு தெரியும்."

"எனக்கும் பிடிச்சிருக்கு" என்றாள். "அதான் பயமா இருக்கு. அண்ணன்கிட்ட சொல்லணும்னு மொதல்ல தோணுது... சொல்ல முடியாது."

கிரீஸ் படிந்த கை மெல்ல நீண்டு, அவள் விரல்களுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. மிச்ச ஓர் அங்குலத்தை அவள் கடந்தாள். அழுதாள். அவன் கையை விடவில்லை.

ஆட்டம் முடிந்ததற்கான ஊதல் ஒலித்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தேழுக்கு ஆறு. கொக்குகள் தோற்றிருந்தன.